நோவும் கடியும்: வலிநிவாரணிகளின் வரலாற்றில் ஒரு மறுபக்கம்

1

எங்கள் ஊர்ப் பேச்சில் உடம்பு அரித்தால் 'கடிக்குது' என்போம். வலித்தால் 'நோகுது' என்போம். நோ வேறு, கடி வேறு. எங்கள் ஆச்சிமார் இந்த இரண்டையும் ஒருபோதும் மாறிச் சொன்னதில்லை. ஆனால், இச்சொற்களைக் காவிக்கொண்டு அந்நிய நாட்டு வைத்தியசாலை ஒன்றினுள் நுழைகிறபோது சங்கடம் தொடங்குகிறது. தமிழகத்து மொழிபெயர்ப்பாளர் வாய்த்தால் 'கடிக்குது' என்பது பூச்சிக்கடி ஆகிவிடும். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைக்கோ அதற்குரிய டொச்சுச் சொல்லும் தெரியாது, பிரெஞ்சுச் சொல்லும் தெரியாது. கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் உதவிக்கு வருகிறது: அலர்ஜி.

வைத்தியர் தலையசைத்து அதைக் கோப்பில் எழுதிக்கொள்கிறார். 'மோர்பின் - அலர்ஜி.' அத்துடன் விடயம் முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அது முடிவதில்லை. பத்துப் பதினைந்து வருடங்கள் கழித்து, அதே மனிதர் எலும்பில் புற்றுநோயுடன் படுத்திருக்கும்போது அந்த ஒற்றை வரி குறுக்கே வந்து நிற்கும். நோவைத் தணிக்கக்கூடிய மருந்தைக் கொடுக்கத் தாதி தயங்குவார்.

நோவுக்கு எடுக்கிற மருந்து கடியைக் கொண்டுவருவது புதிய விடயமல்ல. வலிநிவாரணிகளின் வரலாறு எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது அது. ஆனால் 'அலர்ஜி' என்று ஒரே சாக்கினுள் போட்டுக் கட்டிவைத்தவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க வைத்திய உலகிற்கு நூறு வருடங்களுக்கு மேல் எடுத்தது. அந்த வேலையில் முக்கிய பங்கு, தன் நாட்டிலிருந்து விரட்டப்பட்ட ஓர் அகதிக்கு உரியது. அந்தக் கதையை எம்மவர் அறிந்துகொள்வது நல்லது.

2

அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தவர் ஃபிரெட்றிக் சேர்ட்யூர்னர் என்ற ஜேர்மனியர். பாடர்போர்ண் நகரில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பழகிய இளைஞர். 1805இல் தன் முதற் குறிப்புகளை வெளியிட்டார். தான் கண்டெடுத்த பொருளுக்குக் கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியசின் பெயரை வைத்தார். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பல வருடங்களின் பின், தன்மீதும் மூன்று வாலிபர்கள்மீதும் அதைச் சோதித்துப் பார்த்து, 1817இல் விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். அந்தக் கட்டுரையில் ஒரு சிறு விவரம் இருக்கிறது. மருந்தை விழுங்கிய வாலிபர்களின் முகமும் கன்னங்களும் சிவந்தன; கண்களிலும் அந்தச் சிவப்புத் தெரிந்தது. மோர்பினின் முதற் பரிசோதனையிலேயே தோல் தன் சாட்சியத்தைச் சொல்லிவிட்டது. அதை விளங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

1827 முதல் டார்ம்ஸ்ராட் நகரில் மேர்க் நிறுவனம் மோர்பினை விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கியது. 1853இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வூட், லியோனில் சார்ள் பிறவாஸ் என இருவர் தனித்தனியே ஊசியை வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு மோர்பின் யுத்தகளங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் வீடுகளுக்கும் பரவியது. ஊசி ஏற்றிய இடத்தைச் சுற்றித் தோல் சிவந்து தடிப்பதும், நோயாளி மூக்கையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே உறங்கிப்போவதும் வைத்தியர்களுக்குப் பழகிய காட்சி. பெரு நோவுக்கு முன்னால் கடி ஒரு பொருட்டல்ல என்பதால் அதை விட்டுவிட்டார்கள்.

விட்டுவிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடி என்றால் என்ன என்பதிலேயே தெளிவில்லை. 1660இல் சாமுவேல் ஹாஃபென்றெஃபர் என்ற ஜேர்மன் வைத்தியர், சொறியும் ஆசையைத் தூண்டுகிற இன்பமற்ற உணர்வே அரிப்பு என்று வரையறுத்தார். அதைவிடச் சிறப்பாக இன்றுவரை யாரும் வரையறுக்கவில்லை. ஆனால் அதன்பின் வந்த உடற்றொழிலியலாளர் பலர், அரிப்பு என்பது தனி உணர்வல்ல, மெலிந்துபோன வலிதான் என்று நம்பினார்கள். அப்படியாயின் ஒரு கேள்வி எழுகிறது. கடி என்பது சிறிய நோ என்றால், பெரிய நோவையே அடக்குகிற மோர்பின் அந்தச் சிறிய நோவை ஏன் உண்டாக்குகிறது? இந்தக் கேள்விக்கான பதிலுக்கு 20ஆம் நூற்றாண்டின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் சாயத் தொழிற்சாலைகள் மருந்துத் தொழிற்சாலைகளாயின. 1880களில் லுட்விக் க்னோர் என்பவர் அன்ரிபிரின் என்ற மருந்தை உருவாக்கினார். காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் அது ஐரோப்பா எங்கும் விற்பனையானது. 1894இல் பாரிசைச் சேர்ந்த தோல் வைத்தியர் லூயி புறோக், அதை உட்கொண்டவர்களிடம் ஒரு விசித்திரத்தைக் கண்டார். தோலில் ஓரிடத்தில் வட்டமாகச் சிவந்து, எரிந்து, பிறகு கருநீலத் தழும்பாகிறது. மருந்தை நிறுத்தினால் ஆறிவிடுகிறது. நிறம் மட்டும் மங்கலாக எஞ்சுகிறது. மாதங்கள் கழித்து அதே மருந்தை எடுத்தால், அதே இடத்தில், அதே வட்டம் மறுபடி எரிகிறது. கையில் வந்தது காலில் வருவதில்லை. உதட்டில் வந்தது உதட்டிலேயே வருகிறது. புறோக் இதை 'நிலைத்த' வெடிப்பு என்று அழைத்தார். முதல் தாக்குதலின் பின் சில நோயெதிர்ப்புக் கலங்கள் அந்த இடத்துத் தோலைவிட்டுப் போவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அங்கேயே குடியிருந்து, பழைய எதிரி வரும்வரை அவை காத்திருக்கின்றன.

1899இல் பாயர் நிறுவனம் அஸ்பிரினை அறிமுகம் செய்தது. மூன்று வருடங்களுக்குள், 1902இல், ஹேர்ஷ்பேர்க் என்ற வைத்தியர் அஸ்பிரினை விழுங்கிய சிறிது நேரத்தில் தடிப்பும் வீக்கமும் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி ஜேர்மன் வைத்திய வார இதழில் எழுதினார். 1922இல் பாரிசில் பெர்னான்ட் விடாலும் அவரது தோழர்களும், அஸ்பிரின் ஒவ்வாமை, ஆஸ்துமா, மூக்கினுள் வளரும் சதை ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒன்றுசேர்ந்து வருவதை விவரித்தார்கள்.

இதற்கிடையில், 1906இல், வியன்னாவில் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்க மொழியில் 'வேறான' என்ற சொல்லையும் 'செயல்' என்ற சொல்லையும் இணைத்தார். ஒரு பொருளை முதற்தடவை சந்தித்த உடம்பு மாறிவிடுகிறது, இரண்டாம் தடவை அது வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது. அதாவது அலர்ஜி என்பதில் ஒரு ஞாபகம் இருக்க வேண்டும். ஆனால் மோர்பினைத் தன் வாழ்நாளில் முதற்தடவையாக ஏற்றிக்கொள்பவருக்கும் மேல் கடிக்கிறது. அங்கே ஞாபகத்துக்கு இடமில்லை. அலர்ஜி என்ற சொல், அதைப் படைத்தவர் கொடுத்த பொருளிலேயே இங்கு பொருந்தவில்லை. எனினும் சொல் பரவிவிட்டது. பிறகு யார் அதைத் தடுப்பது?

4

1910இல் லண்டனில் ஹென்றி டேலும் லெய்ட்லோவும் ஹிஸ்ரமின் என்ற பொருளின் குணங்களை ஆராய்ந்தார்கள். 1927இல் தோமஸ் லூயிஸ், தோலில் கீறினாலோ நஞ்சு பட்டாலோ ஒரே ஒழுங்கில் மூன்று விடயங்கள் நடப்பதைக் காட்டினார்: முதலில் சிவப்பு, பிறகு சுற்றிலும் பரவும் செம்மை, கடைசியில் தடிப்பு. தோலே ஹிஸ்ரமின் போன்ற ஒரு பொருளை வெளிவிடுவதால் இது நடக்கிறது என்றார். அதே வருடம் டேலின் குழுவினர் ஹிஸ்ரமின் உடம்பின் இழையங்களில் இயல்பாகவே இருப்பதை உறுதிசெய்தார்கள்.

இங்கேதான் வில்ஹெல்ம் ஃபெல்ட்பேர்க் வருகிறார். 1900இல் ஹம்பேர்க்கில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பேர்லின் உடற்றொழிலியல் நிறுவனத்தில் வேலை செய்தார். 1930இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஹிஸ்ரமின் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். 1933 ஏப்ரிலில் ஹிட்லரின் அரசு யூதர்களைப் பதவிகளிலிருந்து நீக்கியது. நிறுவனத்தின் தலைவர் அவரைக் கூப்பிட்டு மதியத்துக்கு முன் வெளியேறிவிட வேண்டும் என்றார். ஒரு பரிசோதனை பாதியில் நிற்கிறதே என்று இவர் சொல்ல, அப்படியென்றால் நள்ளிரவுக்குள் போய்விடு என்று தவணை கொடுத்தார். இதைப் பின்னாளில் ஃபெல்ட்பேர்க்கே நினைவுகூர்ந்திருக்கிறார்.

வேலையிழந்தவர் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பிரதிநிதியைத் தேடிப் போனார். அவரோ, இப்படிப் பலர் வருகிறார்கள், என்ன செய்வது என்று வருந்தினார். பிறகு பெயரைக் கேட்டுவிட்டுத் தன் குறிப்பேட்டைப் புரட்டினார். ஃபெல்ட்பேர்க் என்ற ஒருவரைச் சந்தித்தால், அவர் வேலை நீக்கப்பட்டிருந்தால், தன்னிடம் அனுப்பிவைக்கும்படி லண்டனிலிருந்து டேல் சொல்லியனுப்பிய குறிப்பு அதில் இருந்தது. அந்த வருடமே ஃபெல்ட்பேர்க் குடும்பத்துடன் லண்டன் ஹம்ஸ்ரெட்டில் இருந்த டேலின் ஆய்வுகூடத்தை வந்தடைந்தார். அகதிக்கு வாய்க்கக்கூடிய பெரிய பாக்கியம், தன்னை ஒருவர் பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருப்பதுதான். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

அகதிக்கு நிரந்தர இடம் இலகுவில் கிடைப்பதுமில்லை. 1936இல் அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார், 1938இல் கேம்பிரிட்ஜுக்கு வந்தார், 1949இல் மறுபடி லண்டனுக்குத் திரும்பினார். அங்கே 1951இல் வில்லியம் பேற்றனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வுதான் சேர்ட்யூர்னரின் வாலிபர்களுக்கு ஏன் கன்னம் சிவந்தது என்பதை விளக்கியது. அபினிலிருந்து வரும் பொருட்களைப் பூனையின் தோலினூடாகவும் தசையினூடாகவும் செலுத்தியபோது, அங்கிருந்து ஹிஸ்ரமின் வெளியே வழிந்தது. நோயெதிர்ப்பு எதுவும் இதில் இல்லை. முன்சந்திப்புத் தேவையில்லை. மருந்தே நேராகப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறது.

எந்தக் கதவை? இரண்டு வருடங்களில் அதற்கும் விடை வந்தது. 1878இல் போல் ஏர்லிஷ் தன் பட்டப்படிப்பு ஆய்வில், மணிமணியான பொருளால் நிறைந்த சில கலங்களைக் கண்டு, தின்று கொழுத்தவை என்று நினைத்து 'மாஸ்ற்' கலங்கள் என்று பெயரிட்டிருந்தார். ஹிஸ்ரமின் சேமித்துவைக்கப்படுவது இவற்றில்தான் என்பதை 1953இல் றைலியும் வெஸ்ரும் காட்டினார்கள். இக்கலங்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு குறிப்பிட்ட வாங்கியைச் சில மருந்துகள் நேரடியாகத் தட்டுகின்றன என்பது 2015இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்களால் தெரியவந்தது. மோர்பினும் கொடெயினும் அதே வாங்கியைத் தட்டுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஃபென்ரனில் போன்ற வேறு சில வலிமருந்துகள் ஹிஸ்ரமினை அவ்வளவாக வெளிவிடுவதில்லை. ஆகவே ஒன்றுக்குக் கடித்தால் எல்லாவற்றையும் விலக்கிவைக்க வேண்டியதில்லை.

5

ஃபெல்ட்பேர்க்கின் அவுஸ்திரேலிய வாசத்தை நான் மேலே ஒரு வரியில் கடந்துவிட்டேன். ஆனால் அது வீணாகக் கழிந்த காலமல்ல. மெல்பேர்ணில் சார்ள்ஸ் கெலவேயுடன் சேர்ந்து பாம்பு நஞ்சுகளை ஆராய்ந்தார். 1938இல், நாகபாம்பின் நஞ்சைச் செலுத்திய இழையங்களிலிருந்து ஹிஸ்ரமின் மட்டுமன்றி, தசையை மெதுவாகவும் நீண்டநேரமும் இறுக்குகிற இன்னொரு பொருளும் வருவதை அவர்கள் கண்டார்கள். அது என்னவென்று தெரியாததால் 'மெதுவாகச் செயற்படும் பொருள்' என்றே அழைத்தார்கள். நாற்பது வருடங்கள் அது அந்தப் பெயருடனேயே கிடந்தது. 1979இல் ஸ்ரொக்ஹோமில் பெங்ற் சாமுவெல்சன் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து, அந்த இனத்துப் பொருட்களுக்கு லியூக்கோற்றையீன் என்று பெயரிட்டார்.

இதற்கும் அஸ்பிரினுக்கும் என்ன சம்பந்தம்? 1971இல் லண்டனில் ஜோன் வேன், அஸ்பிரின் ஒரு நொதியத்தைத் தடுத்து, நோவையும் வீக்கத்தையும் தூண்டும் புறொஸ்ராகிளாண்டின்கள் உருவாவதை நிறுத்துகிறது என்று காட்டினார். 1975இல் போலந்தின் கிராக்கோவில் அன்ட்றேய் ஷ்செக்லிக், அஸ்பிரின் ஒத்துவராத ஆஸ்துமாக்காரருக்கு அதே நொதியத்தைத் தடுக்கும் வேறு வலிமருந்துகளும் ஒத்துவருவதில்லை என்பதைக் காட்டினார். மருந்துகளின் வடிவம் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. வேலைதான் ஒத்திருந்தது. ஒரு பக்கத்து வாய்க்காலை மறித்தால் தண்ணீர் மற்றப் பக்கம் பாய்வதுபோல, புறொஸ்ராகிளாண்டினின் கட்டுப்பாடு குறைகிறபோது லியூக்கோற்றையீன் பெருகுகிறது. தடிப்பும், முகவீக்கமும், மூச்சிறைப்பும் அதனால் வருகின்றன.

ஆகவே இது மோர்பின் கடியிலிருந்து முற்றிலும் வேறானது. அஸ்பிரினுக்குத் தடித்து வீங்கியவர், அது வேறு பெயர், வேறு பெட்டி என்று இபுபுறொஃபெனையோ டைகுளோஃபெனாக்கையோ அயல் வீட்டாரிடம் வாங்கிப் போடுவது ஆபத்து. பரசிற்றமோல் அந்த நொதியத்தைப் பலவீனமாகவே தடுப்பதால், வழக்கமான அளவில் அநேகருக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அதையும் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

6

சில வருடங்களுக்கு முன் முதிய பெண்ணொருவருக்கு மொழிபெயர்ப்பதற்காக ஒரு வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. கோப்பில் 'மோர்பின் - அலர்ஜி' என்று இருந்ததால் வேறு மருந்துகளால் சமாளித்துக்கொண்டிருந்தார்கள், நோ அடங்கவில்லை. வைத்தியர் பொறுமைசாலி. அன்று என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னார். அம்மா சொன்னார்: "கடைசிப் பிள்ளை வயித்தை வெட்டி எடுத்தது தம்பி. முதுகில ஊசி போட்டவை. விடிய விடிய மூக்கும் முகமும் ஒரே கடி." தடித்ததா? இல்லை. முகம் வீங்கினதா? இல்லை. மூச்சு முட்டினதா? "சீச்சீ, கடி மட்டுந்தான்." வைத்தியர் அந்த வரியை வெட்டிவிட்டு, புதிதாக ஒரு வரி எழுதினார். அன்று பின்னேரம் குறைந்த அளவில் மோர்பின் தொடங்கினார்கள். இரவு அவர் உறங்கினார்.

முதுகு வழியே முண்ணாணைச் சூழ்ந்த நீருக்குள் மோர்பின் செலுத்துவது 1979இலிருந்து மனிதர்களிடம் கையாளப்படுகிறது. பிள்ளைப்பேற்றுச் சத்திரசிகிச்சையில் அது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பெறுபவர்களில் பலருக்கும் மேல் கடிக்கிறது, குறிப்பாக மூக்கிலும் முகத்திலும். ஆனால் தோலில் ஒரு தடிப்பும் இருப்பதில்லை. பாரிசின் பஸ்தேர் நிறுவனத்தில் 1937இல் போவேயும் ஸ்ரோபும் தொடக்கிவைத்த ஹிஸ்ரமின் எதிர்ப்பு மருந்துகள் இதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. தூக்கத்தை மட்டும் தருகின்றன. காரணம், இந்தக் கடி தோலில் பிறப்பதல்ல, நரம்பில் பிறப்பது. மோர்பினின் செயலைத் தடுக்கும் மருந்தைச் சிறிதளவு கொடுத்தால் அது அடங்குகிறது.

பழைய கேள்விக்கான பதிலும் இங்கேதான் கிடைத்தது. 1997இல் ஜேர்மனியின் எர்லாங்கனில் மார்ற்றின் ஷ்மெல்ஸ் குழுவினர், மனிதத் தோலில் அரிப்புக்கென்றே வேறாக நரம்பிழைகள் இருப்பதைக் கண்டார்கள். கடி மெலிந்த நோவல்ல என்பது உறுதியாயிற்று. 2011இல் சென்ற் லூயிஸ் நகரிலும் 2021இல் பிற்ஸ்பேர்க்கிலும் எலிகளில் நடந்த ஆய்வுகள் முண்ணாணில் மோர்பின் கடியை எப்படி எழுப்புகிறது என்பதற்கு இருவேறு வழிகளைக் காட்டின. இரண்டாவதன்படி, கடியை அடக்கிவைக்கும் காவல் நரம்புக்கலங்கள் முண்ணாணில் உள்ளன. மோர்பின் அவற்றை உறங்கவைத்துவிடுகிறது. காவல் உறங்கக் கடி விழித்துக்கொள்கிறது. நோ வேறு, கடி வேறு என்று ஆச்சிமார் சொன்னது சரிதான்.

7

இவ்வளவையும் எழுதியதால் கடி எல்லாம் தீங்கற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1922இல் நியூயோர்க்கில் ஸ்ரீவன்ஸ், ஜோன்சன் என்ற இரு வைத்தியர்கள், காய்ச்சலுடன் வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் முழுக்க வெடித்த இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். 1956இல் ஸ்கொட்லாந்தின் அலன் லையெல், தீக்காயம் பட்டதுபோலத் தோல் உரிந்து போகும் கடுமையான நிலையை விவரித்தார். இவற்றை அநேகமாக மருந்துகளே தூண்டுகின்றன. வீக்கத்துக்கான சில வலிமருந்துகளும், முகநரம்பு நோவுக்குக் கொடுக்கும் கார்பமசெப்பினும் அவற்றுள் அடங்கும். 2004இல் தாய்வான் ஆய்வாளர்கள் கார்பமசெப்பினால் இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு அடையாளம் இருப்பதைக் கண்டார்கள். அது ஆசியர்களிடமே அதிகம். 2007 முதல் அமெரிக்காவில் ஆசிய வம்சாவளியினருக்கு மருந்தைத் தொடங்குமுன் இரத்தத்தில் அதைச் சோதிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. வல்டிகொக்சிப் என்ற வலிமருந்து 2005இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டதற்கு இத்தகைய தோல் நோய்களும் ஒரு காரணம். இவை மிக அரிது. ஆனால் வந்தால் ஒரு நாளும் பொறுத்திருக்க முடியாது. காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிவு, தோல் தொட நோவது, கொப்புளம் - இவை தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். முகமோ நாக்கோ வீங்கி மூச்சு முட்டினாலும் அப்படியே.

ஆக, ஒரே சொல்லின் கீழ் குறைந்தது ஐந்து விடயங்கள் கிடக்கின்றன: மாஸ்ற் கலத்தை நேராகத் திறக்கும் மோர்பின் கடி, முண்ணாணில் பிறக்கும் கடி, அஸ்பிரின் இனத்தின் தடிப்பும் வீக்கமும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் தழும்பு, உயிரைக் கொள்ளும் தோலுரிவு. உண்மையான அலர்ஜி இவற்றுக்கு வெளியே வேறாகவும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. சிலதில் மருந்தை மாற்றினால் போதும். சிலதில் அந்த இனத்தையே வாழ்நாளெல்லாம் தொடக் கூடாது.

எனவே எங்கள் பெற்றோருடன் வைத்தியசாலைக்குப் போகும் பிள்ளைகள் 'அலர்ஜி' என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. எந்த மருந்து, எடுத்து எவ்வளவு நேரத்தில், உடம்பில் எங்கே, தடித்ததா, வீங்கினதா, மூச்சு முட்டினதா, வாயில் புண் வந்ததா என்பதைக் கேட்டு அப்படியே சொல்லுங்கள். கோப்பில் பழைய வரி ஏதும் இருந்தால், அது எதனால் எழுதப்பட்டது என்று விசாரியுங்கள். அம்மா 'கடிக்குது' என்றால் அவ கடியைத்தான் சொல்லுகிறா.

ஃபெல்ட்பேர்க் 1993இல் லண்டனில் காலமானார். தன்னை நள்ளிரவுக்குள் வெளியேறச் சொன்ன நாடு யுத்தத்தின் பின் நட்டஈடு கொடுத்தபோது, அந்தப் பணத்தைக் கொண்டு 1961இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஜேர்மன் விஞ்ஞானிகளும் பிரித்தானிய விஞ்ஞானிகளும் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் போய் உரையாற்றுவதற்காக அது இன்றும் இயங்குகிறது.